மூக்கில் சதை, இரண்டு பக்கமும். ஆபரேஷனுக்குத் தேதி சொல்கிறார்கள், போகலாமா?

ஏலக்காட்டான் | கம்பம்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கம்பம், வேலை கேரளப் பக்கம் வண்டன்மேட்டில், ஒரு ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயை உலர்த்தும் கூடத்தில். மூக்கடைப்பு எனக்குப் பல வருஷக் கதை. முன்பெல்லாம் ஜூன் மழை இறங்கினால் வரும், கார்த்திகையில் போய்விடும். இப்போது போவதே இல்லை. ராத்திரி வாயால் மூச்சு விட்டுத்தான் தூக்கம். தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நெற்றியிலும் கண்ணுக்கு நடுவிலும் பாரம்.

எல்லாவற்றையும் விட மோசம், வாசனை சுத்தமாகப் போய்விட்டது. பச்சைக்காய் உலர்த்தும்போது சூடு அதிகமானால் வாடை மாறும், அதை வைத்தே விறகைக் குறைப்போம். இப்போது தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை செய்கிற பையனைக் கூப்பிட்டு ‘வாடை எப்படிடா இருக்கு’ என்று கேட்கிற நிலைமை.

ஈ.என்.டி டாக்டர் மூக்குக்குள் குழாய் கேமரா விட்டுப் பார்த்தார், சி.டி ஸ்கேனும் எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் சதை, கன்னத்து சைனஸும் கண்ணுக்கு நடுவில் இருக்கிற சைனஸும் நிறைந்திருக்கின்றன, மூக்கின் நடுத்தண்டு இடது பக்கம் வளைவு. ‘லண்ட் மக்கே 17’ என்று போட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். வீட்டில் அம்மாவில் இருந்து ஜீப்பில் கூட வருகிறவர்கள் வரை ஒரே பாட்டு: மூக்கு ஆபரேஷன் பண்ணினால் திரும்ப வரும். அப்படியா? மருந்திலேயே சரியாகாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


போடி_வேலு | போடிநாயக்கனூர்

பண்ணாதீங்கண்ணே. எங்க மாமா இரண்டு தடவை பண்ணினார், இரண்டு தடவையும் சதை திரும்ப வந்துவிட்டது. பணம் போனதுதான் மிச்சம். நொச்சி இலை போட்டு ஆவி பிடியுங்கள், நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுங்கள், ராத்திரி விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை இழுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான்.


குமுளி_டீக்கடை | குமுளி

மூன்று தலைமுறையாகப் புகை பிடித்தும் மாமா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத்தானே போனார் வேலு?


தென்மலையான் | செங்கோட்டை

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். ஊர் செங்கோட்டை, வேலை மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் வட்டாரத்தில். இங்கே நான் சொல்வது பொதுத் தகவல். உங்கள் மூக்கைப் பார்த்தவர் உங்கள் டாக்டர், நான் இல்லை.

ஆபரேஷனா மருந்தா என்று கேட்பதற்கு முன்னால் இது எந்த வகை என்று தெரிய வேண்டும். சைனஸ் என்று ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு நோய்கள் நம் ஊரில் உலாவுகின்றன. மூக்கடைப்பு, சளி, முகத்தில் பாரம், வாசனை இழப்பு ஆகிய நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். அதில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அது 12 வாரத்துக்கு மேல் தொடர வேண்டும். கேமராவிலோ ஸ்கேனிலோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் நாள்பட்ட சைனஸ் என்போம். உங்களுக்கு எல்லாமே பொருந்துகிறது. லண்ட் மக்கே என்பது ஸ்கேனில் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று போடும் மதிப்பெண். முழுக்க அடைத்தால் 24. அந்த எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கத்தி எடுக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கஷ்டம் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதுதான் முடிவு செய்யும்.

சில கேள்விகள். ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தீர்களா, தொடர்ந்து எவ்வளவு காலம்? உப்புத் தண்ணீர் விட்டு மூக்கு கழுவியதுண்டா? வீசிங் இருக்கிறதா? வலி மாத்திரை, வலி ஊசி ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? சர்க்கரை உண்டா? மேல்தாடைப் பல்லில் சொத்தை உண்டா? கடையில் வாங்கும் அடைப்புச் சொட்டு மருந்து போடுகிறீர்களா?


ஏலக்காட்டான் | கம்பம்

நன்றி டாக்டர். ஸ்பிரே எழுதிக் கொடுத்தார்கள், அடைப்பு அதிகமாக இருக்கும்போது அடிப்பேன், இரண்டு மூன்று நாளில் ஒன்றும் தெரியாது, வைத்துவிடுவேன். சொட்டு மருந்துதான் கைகொடுக்கிறது, அதைத் தினமும் போடுகிறேன், பையிலேயே இருக்கும். மூக்கு கழுவியதில்லை. சர்க்கரை இல்லை, பல் நன்றாக இருக்கிறது. வீசிங் குளிர்காலத்தில் லேசாக உண்டு. வலி ஊசி என்று கேட்டதால் சொல்கிறேன்: முதுகு பிடித்தபோது டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகி மூச்சு இழுத்தது, மூக்கும் கண்ணும் ஒழுகியது. ஆக்சிஜன் வைத்துத்தான் சரியானது. மழையில் நனைந்ததால் என்று நினைத்தோம்.


தென்மலையான் | செங்கோட்டை

இந்தப் பதிவில் மிக முக்கியமான வரி நீங்கள் கடைசியில் எழுதியதுதான்.

மூக்கில் சதை, வீசிங், வலி மாத்திரை ஒவ்வாமை, இந்த மூன்றும் சேர்ந்து வரும் ஒரு நோய் இருக்கிறது. பிரான்சில் விடால் 1922இலேயே எழுதினார், பிறகு அமெரிக்காவில் சாம்ட்டர் விரிவாக எழுதியதால் சாம்ட்டர் முக்கூட்டு என்பார்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே வழியில் வேலை செய்பவை. இந்த உடம்புக்காரர்களுக்கு அவை எல்லாமே ஆபத்து. பாரசிட்டமால் வழக்கமான அளவில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உங்களுக்கு இருப்பது அதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் டாக்டரிடமும், ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடமும் இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து வலிக்குப் போடும் முதல் ஊசியே டைக்ளோஃபெனாக்காக இருப்பது சகஜம். சீட்டில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

வேலுவின் மாமாவுக்கு இரண்டு தடவை திரும்ப வந்ததற்கும் இப்படி ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். சதை உள்ள சைனஸ் பலருக்கு உடம்பின் ஒவ்வாமைச் சுபாவத்தால் வருவது. ஆபரேஷன் சதையை எடுக்கும், சுபாவத்தை எடுக்காது. முறையாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் ஒன்றரை வருஷத்தில் பத்தில் நான்கு பேருக்குக் கேமராவில் சதை மறுபடி தெரிந்ததாக ஆய்வு உண்டு. சாம்ட்டர் வகையில் இன்னும் அதிகம். ஆனால் கேமராவில் தெரிவது வேறு, ஆள் கஷ்டப்படுவது வேறு. அதில் பலர் நன்றாகத்தான் இருப்பார்கள். சதை இல்லாத வகையில் திரும்ப வருவது குறைவு.


போடி_வேலு | போடிநாயக்கனூர்

மாமாவுக்கு வீசிங் உண்டு, ஆஸ்துமா பம்பு வைத்திருப்பார். வலி மாத்திரை பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் டாக்டர், திரும்ப வரும் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு எதற்காக ஆபரேஷன்?


தென்மலையான் | செங்கோட்டை

நியாயமான கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சைனஸ் அறைக்குள் சளி ஊறுவது இயல்பு. உள்சவ்வில் இருக்கும் நுண்மயிர்கள் அந்தச் சளியைத் தள்ளிக்கொண்டே போய் அறையின் இயற்கையான துவாரத்தில் சேர்க்கும். கன்னத்து சைனஸின் துவாரம் அடியில் இல்லை, மேலே, கண் பக்கம் இருக்கிறது. அதனால் சளி தானாக வடியாது, மேல்நோக்கித் தள்ளப்பட வேண்டும். அந்தத் துவாரங்கள் எல்லாம் மூக்கின் நடுப்பக்கம் ஒரு குறுகலான சந்தில் வந்து சேருகின்றன. அந்தச் சந்தில் வீக்கமோ சதையோ வந்தால் பின்னால் இருக்கும் அறைகள் எல்லாம் தேங்கிவிடும். உங்கள் ஸ்டோரில் புகைபோக்கி அடைத்தால் அறை முழுக்கப் புகை நிற்பது போலத்தான்.

இதைப் பொறுமையாகக் கண்டு சொன்னவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மெஸ்ஸர்கிளிங்கர். அவருடைய சீடர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் கென்னடியும் 1980களில் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். இன்று ‘ஃபெஸ்’ என்று சொல்கிற ஆபரேஷன் அதுதான். வெளியே வெட்டு கிடையாது, மூக்குத் துளை வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, சதையை எடுத்து, அந்தக் குறுகல் வழியையும் துவாரங்களையும் அகலமாக்குவார்கள். உள்சவ்வை முடிந்தவரை விட்டுவைப்பார்கள்.

அப்புறம் என்ன லாபம்? இத்தனை நாள் நீங்கள் அடித்த ஸ்பிரே சதையில் பட்டு வாசலிலேயே நின்றது. திறந்த பிறகு கழுவும் தண்ணீரும் மருந்தும் அறைக்குள் போய்ச் சேரும். நாள்பட்ட நோயை அடக்கி வைக்கிற மருந்துக்கு வழி திறப்பதுதான் ஆபரேஷன். ஆபரேஷன் ஆயிற்று என்று ஸ்பிரேயைத் தூக்கிப் போடுகிறவருக்குத்தான் முதலில் திரும்ப வரும். வேலு, மாமா பிறகு மருந்து அடித்தாரா என்றும் கேளுங்கள்.


பீர்மேட்டுத் தாத்தா | பீர்மேடு

நான் தேயிலை எஸ்டேட்டில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் எனக்கு இதே தொல்லை. அப்போது முதலில் மூக்குக்குள் ஊசி குத்தி, கன்னத்து அறையில் தண்ணீர் பாய்ச்சிச் சீழை வெளியே எடுத்தார்கள். குத்தும்போது எலும்பு நொறுங்குகிற சத்தம் காதுக்குள்ளே கேட்கும். ஒரு மாதம் சுகம், பிறகு பழைய கதை. அதற்கு அப்புறம் மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வெட்டி, கன்ன எலும்பைத் திறந்து உள்சவ்வைச் சுரண்டினார்கள். கோட்டயத்தில் நடந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மேல்வரிசைப் பற்கள் இன்றும் மரத்தே இருக்கின்றன. கஷ்டமும் முழுக்கப் போகவில்லை. அந்தக் காலத்து ஆபரேஷனை மனதில் வைத்துத்தான் எங்கள் வயதுக்காரர்கள் ‘வேண்டாம்’ என்கிறோம் போலிருக்கிறது. இப்போது வெளியே வெட்டே இல்லையா டாக்டர்?


தென்மலையான் | செங்கோட்டை

இல்லை ஐயா. உங்களுக்குச் செய்தது கால்டுவெல் லக் முறை. 1890களில் நியூயார்க்கில் கால்டுவெல்லும் பாரிஸில் லக்கும் தனித்தனியாக எழுதியது. கன்னத்து அறையின் அடியில் புதிதாக ஒரு துளை போட்டு, சளி அந்த வழியாக வடியும் என்று எதிர்பார்த்தார்கள். நுண்மயிர்களோ அடியில் துளை இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் பழைய மேல் துவாரத்துக்கே சளியைத் தள்ளிக்கொண்டிருக்கும். பலருக்குக் குணமாகாமல் போனதற்கு அது ஒரு காரணம். இன்று அந்த முறை அபூர்வம், சில கட்டிகளுக்கும் விடாப்பிடியான பூஞ்சைக்கும் மட்டும்.


செல்வி_வண்டிப்பெரியார் | வண்டிப்பெரியார்

நான் ஆபரேஷன் செய்துகொண்டவள். எனக்குச் சதையோடு பூஞ்சை அலர்ஜி. எங்கள் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) மழைக்காலம் முழுக்கச் சுவரில் பூசணம்தான். வலது கண் லேசாக வெளியே தள்ளின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே பச்சைப் பழுப்பு நிறத்தில் கெட்டிச் சளி அடைத்திருந்தது, ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிந்தது. இந்த வகைக்கு மாத்திரை மட்டும் போதாது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனை விட அடுத்த சில வாரம்தான் கஷ்டம், அதைச் சொல்ல யாரும் இல்லை என்பதால் சொல்கிறேன். முழு மயக்கம்தான், ஒன்றும் தெரியாது. விழித்ததும் மூக்கில் பஞ்சு அடைத்திருக்கும், வாயால்தான் மூச்சு. மறுநாள் பஞ்சை இழுத்து எடுக்கும் ஒரு நிமிஷம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அப்புறம் அப்பாடா என்று இருக்கும். கொஞ்ச நாள் ரத்தம் கலந்த தண்ணீர் வடியும். மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். குனிந்து பாரம் தூக்கக் கூடாது, கொழுந்துக் கூடை வேலைக்கு நான் உடனே போகவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் டாக்டர் கேமரா விட்டுக் காய்ந்த பொருக்கை எடுப்பார். ‘எல்லாம் சரியாகிவிட்டதே’ என்று அந்த வருகையைத் தவறவிடாதீர்கள். எங்கள் லயத்தில் ஒரு அக்கா போகாமல் விட்டு மூக்குக்குள் சவ்வு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போதும் தினம் கழுவுகிறேன், ஸ்பிரே அடிக்கிறேன். மழைக்காலத்தில் கொஞ்சம் அடைக்கும், அவ்வளவுதான்.


ஏலக்காட்டான் | கம்பம்

நன்றி அக்கா. கண், மூளை பக்கத்தில் என்கிறார்களே, அந்தப் பயம்தான் வீட்டில் பெரிது.


தென்மலையான் | செங்கோட்டை

பயம் பொய்யில்லை. கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவில் இருக்கும் எலும்புக்குக் காகிதத் தகடு என்றே பெயர், அவ்வளவு மெல்லிசு. சைனஸ் கூரைக்கு மேலே மூளை. கண் காயம், மூளை நீர்க்கசிவு, பெரிய ரத்தப்போக்கு, இவை நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கும், ஆனால் நடக்கும். ஆபரேஷனுக்கு முன் சி.டி கட்டாயம் என்பது இதற்காகத்தான். ஒவ்வொருவருடைய கூரை உயரமும் வேறு, அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இரண்டாவது தடவை ஆபரேஷன் என்றால் பழைய அடையாளங்கள் இருக்காது. பெரிய மருத்துவமனைகளில் ஸ்கேனைத் திரையில் வைத்து வழிகாட்டும் கருவி உண்டு, அது உதவும். உங்களுடையது முதல் தடவை.

தண்டு வளைவைப் பற்றி: வளைவு இல்லாத மூக்கு அபூர்வம். கருவி போக இடைஞ்சலாக இருந்தாலோ அந்தப் பக்கம் அடைப்பு அதிகமாக இருந்தாலோ மட்டும் கூடவே சரி செய்வார்கள். வளைவை நிமிர்த்துவதால் சதை நோய் போகாது.


பல்வைத்தியன் | உத்தமபாளையம்

குறுக்கே ஒரு வார்த்தை. இவருக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு. ஒரு பக்கம் மட்டும் சளி, அதுவும் கெட்ட நாற்றம் என்றால் மேல்கடைவாய்ப் பல்லைக் காட்டுங்கள். அந்த வேர்கள் கன்னத்து சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. வேர்ச்சிகிச்சை அரைகுறையாக நின்ற பல்லை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சைனஸ் மாத்திரை தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லைச் சரிசெய்யாமல் சைனஸ் தீராது.


தென்மலையான் | செங்கோட்டை

உண்மை. ஒரு பக்கம் மட்டும் சதை இருந்தாலும் லேசாக விடக்கூடாது. அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், சில சமயம் அது சாதாரணச் சதையாக இருக்காது.


குமுளி_டீக்கடை | குமுளி

என் கதையும் போட்டுவிடுகிறேன். எனக்குப் பல வருஷம் ‘சைனஸ் தலைவலி’. ஆன்டிபயாடிக், ஆவி, ராஸ்னாதிப் பொடி, எல்லாம் ஆயிற்று. மலையாளி டாக்டர் ஒருவர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு மூக்கில் ஒன்றுமே இல்லை, இது மைக்ரேன் என்றார். நம்பாமல்தான் மாத்திரை சாப்பிட்டேன், வலி அடங்கிவிட்டது. கண் பக்கம் வலித்தால் சைனஸ் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம்.


தென்மலையான் | செங்கோட்டை

‘எனக்கு சைனஸ் தலைவலி’ என்று வந்த சுமார் 3000 பேரைச் சோதித்த அமெரிக்க ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகைத் தலைவலிதான் இருந்தது. அடைப்போ சளியோ இல்லாமல் வெறும் தலைவலி என்றால் முதலில் அதைச் சந்தேகப்படலாம்.


சின்னமனூர்_ரவி | சின்னமனூர்

ஆன்டிபயாடிக் என்ன ஆயிற்று? எனக்குச் சளி பச்சையானாலே ஐந்து நாள் கோர்ஸ் எழுதுகிறார்கள்.


தென்மலையான் | செங்கோட்டை

நிறத்தை வைத்து மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஜலதோஷம் 10 நாளுக்கு மேலும் குறையாமல் நின்றால், அல்லது குறைந்து வந்து திடீரென்று காய்ச்சலோடு கூடினால் பாக்டீரியாவைச் சந்தேகப்படுவோம், அப்போது அமாக்சிசிலின் வகை. நாள்பட்டதில், அதுவும் சதை உள்ளதில், அதற்குப் பெரிய வேலை இல்லை. சதை இல்லாத சிலருக்குக் குறைந்த அளவில் மேக்ரோலைடு என்ற ஆன்டிபயாடிக் வகையை மூன்று மாதம் கொடுப்பதுண்டு, அது ஆளைப் பார்த்து.

ஏலக்காட்டான் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு மருந்து இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை என்பது என் எண்ணம். ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் இரண்டு நாளில் அடைப்பைத் திறக்காது. தினமும் அடித்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ‘கேட்டதா கேட்கவில்லையா’ என்று தீர்ப்புச் சொல்ல முடியும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை, நுனி வெளிப்பக்கம் கண்ணின் ஓரத்தைப் பார்க்கட்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் ‘சர்’ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குத்தான் போகும்.

மாறாக, உடனே திறக்கிற அந்தச் சொட்டு மருந்தை, ஆக்சிமெட்டசோலினோ சைலோமெட்டசோலினோ, ஒரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது. போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது. உங்கள் பையில் இருப்பது அதுதான். நிறுத்தும்போது சில நாள் அடைப்பு கூடும், ஸ்டீராய்டு ஸ்பிரேயை வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

சதை இவ்வளவு இருப்பதால் முதலில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்ச நாள் கொடுத்துச் சுருக்கிப் பார்க்கலாம். வாசனை சில நாளிலேயே எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடையில் தானாக வாங்கித் தின்கிறவர்கள் உண்டு, அது பெரிய ஆபத்து. சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், கண் அழுத்தம் கூடும். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அந்த மாத்திரை தேவைப்படுகிறது என்றால் ஆபரேஷன்தான் பாதுகாப்பு. 2021இல் கரும்பூஞ்சை வந்தபோது சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து என்ன செய்தன என்று நாம் பார்த்தோமே.


ஏலக்காட்டான் | கம்பம்

கழுவுவது எப்படி? எங்கள் ஸ்டோர் பக்கம் ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும், அதிலேயே உப்புப் போட்டுச் செய்யலாமா?


இழைக் காவலர்

இதற்கு நானே பதில் போடுகிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். ஓடை, குளம், கிணறு, குழாய், எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் மூக்குக்குள் விடாதீர்கள். 2024இல் கேரளத்தில் மலப்புரம், கோழிக்கோடு, கண்ணூர் பக்கம் பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தது அமீபாவால். அது தண்ணீரோடு மூக்கு வழியாக ஏறித்தான் மூளைக்குப் போகிறது. அதே தண்ணீரைக் குடித்தால் அந்த நோய் வராது, மூக்கில் போனால் வரலாம். ஜலநேதி என்று யோகாவில் மூக்கு கழுவுகிறவர்களுக்கும் இதுவே.


தென்மலையான் | செங்கோட்டை

சரியாகச் சொன்னீர்கள். தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்து, மூடி ஆறவைத்த தண்ணீர். கால் லிட்டருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. மருந்துக்கடையில் அளந்த பொட்டலமும் பாட்டிலும் சேர்த்தே விற்கிறார்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்துகொண்டு ஒரு துளையில் அழுத்தினால் மறு துளையில் வரும். பக்கத்துக்குப் பாதி. காதில் அடைத்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். கழுவிய பிறகுதான் ஸ்பிரே, முன்னால் அடித்தால் மருந்தெல்லாம் பேசினில் போகும். பாட்டிலையும் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். எரிந்தால் உப்பு கூடக்குறைய இருக்கிறது என்று அர்த்தம்.


கொச்சித்தமிழன் | கொச்சி

என் அலுவலகத்தில் ஒருவர் சதைக்கு ஆபரேஷன் இல்லாமல் ஊசி போட்டுக்கொள்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? பலூன் விட்டுத் திறப்பதும் உண்டாமே?


தென்மலையான் | செங்கோட்டை

அந்த ஊசி டூபிலுமாப். மூக்குச் சதைக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது, பிறகு ஒமலிசுமாப், மெபோலிசுமாப் வந்தன. நான் மேலே சொன்ன அந்த ஒவ்வாமைச் சுபாவத்தையே அடக்குபவை, சாம்ட்டர் வகைக்கும் நன்றாகக் கேட்கும், வாசனையும் திரும்பும். ஆனால் நிறுத்தினால் நோய் திரும்பும், விலையோ தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாது. ஆபரேஷனுக்குப் பிறகும் அடங்காதவர்களுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலூன் சதை இல்லாத லேசான அடைப்புக்கு. சதை நிறைந்த மூக்கில் அதற்கு வேலை இல்லை.


செல்வி_வண்டிப்பெரியார் | வண்டிப்பெரியார்

செலவு பற்றி: தம்பிக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதானே. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். தேனி மெடிக்கல் காலேஜ் க.விலக்கில், ஈ.என்.டி பிரிவு இருக்கிறது, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. போகும்போது காப்பீட்டு கவுண்டரில் இந்த ஆபரேஷன் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். எங்களைப் போல கேரளப் பக்கத்துக் கார்டு வைத்திருக்கிறவர்களுக்குக் காருண்யா திட்டம். வேலை கேரளத்தில், கார்டு தமிழ்நாட்டில் என்று இருப்பவர்கள் இரண்டு பக்கமும் அலையாமல் கார்டு இருக்கிற பக்கமே போவது நல்லது.


போடி_வேலு | போடிநாயக்கனூர்

மாமாவிடம் கேட்டேன். ஸ்பிரே ஒரு மாதம்தான் அடித்தாராம், மூக்கு திறந்ததும் ‘எதற்குச் செலவு’ என்று விட்டுவிட்டார். வலி மாத்திரையும் அவருக்கு ஆகாதாம், அத்தைக்கு மட்டும் தெரியும். டாக்டர் சார், நொச்சி ஆவி தப்பா? மஞ்சள் புகையும் கூடாதா?


தென்மலையான் | செங்கோட்டை

மாமாவை ஒரு தடவை ஈ.என்.டியிடமும் நெஞ்சு டாக்டரிடமும் கூட்டிப் போங்கள், அந்த வலி மாத்திரை விஷயத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஆவி சுகமாக இருக்கும், பிடிக்கட்டும். சதையைக் கரைக்காது. கொதிக்கிற சட்டியைத் தூக்கிப் போர்வைக்குள் வைப்பதில் வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் பிள்ளைகளுக்கு வேண்டாம். நெற்றிப் பற்றும் அப்படித்தான், தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். புகை மட்டும் வேண்டாம். வீசிங் உள்ளவர் வேண்டுமென்றே புகையை இழுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஸ்டோரில் விறகுப் புகையும், உலர்ந்த காயைத் தேய்த்துப் புடைக்கும்போது பறக்கிற தூசும் ஏற்கனவே போதுமான அளவு போகிறது. தம்பி அங்கே நிற்கும்போது துணி கட்டிக்கொள்வதை விட என்-95 மாஸ்க் போடலாம்.

ஒன்றே ஒன்று: கண் வீங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, மூக்கில் கறுப்பாக வந்தாலோ, கன்னம் மரத்தாலோ இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி.


ஏலக்காட்டான் | கம்பம்

டாக்டரிடம் போய் வந்துவிட்டேன். டைக்ளோஃபெனாக் விஷயத்தைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ‘இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை’ என்றார், யாரும் கேட்கவில்லையே என்றேன். நெஞ்சு டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார், வீசிங்கை அடக்காமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்களாம். பிரெட்னிசோலோன் கொஞ்ச நாளுக்கு, அதோடு கழுவுதல், ஸ்பிரே. மூன்று மாதம் பார்ப்போம், அடங்காவிட்டால் காய் எடுப்பு முடிந்து மாசி பங்குனியில் தேதி வைப்போம் என்றார். அதுவும் நல்லதுதான், ஆபரேஷன் ஆனதும் தூசிக்குள் போய் நிற்க வேண்டியதில்லை. சொட்டு மருந்தை நிறுத்தியாயிற்று, முதல் ராத்திரிகள் நரகம், இப்போது பரவாயில்லை.

அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ‘திரும்ப வருமா’ என்று மறுபடியும் கேட்டார். வந்தாலும் வரும், மருந்து அடித்துக்கொண்டே இருக்கணும், சர்க்கரை மாத்திரை மாதிரி என்றேன். அப்படியென்றால் சரி என்றார்.

ஒரு சந்தேகம்: விடியற்காலை 5 மணிக்கு ஜீப் வந்துவிடும். கழுவியதும் குளிர்காற்றில் ஏறினால் ஜலதோஷம் பிடிக்குமா?


தென்மலையான் | செங்கோட்டை

பிடிக்காது. ஆனால் கழுவி அரைமணி நேரம் வரை உள்ளே தேங்கின தண்ணீர் திடீரென்று ஒழுகும், ஜீப்பில் பக்கத்தில் இருப்பவர் மேல் விழும். கழுவியதும் குனிந்து தலையை இரண்டு பக்கமும் சாய்த்து வடித்துவிடுங்கள், ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்றால் காலையில் ஸ்பிரே மட்டும், கழுவுவதைச் சாயங்காலம் தூசியெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.


குமுளி_டீக்கடை | குமுளி

வெந்நீர் வேண்டுமென்றால் நம் கடையில் நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி, காசு வேண்டாம். கழுவுவதை மட்டும் கடைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.